எடிட்டரிடம் கேளுங்கள்: சூப், சவப்பெட்டி, ஒரு ஒல்லியான நடிகை

சென்ற இதழில் ரியாக்‌ஷன் ஷாட் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய டைரக்டரின் பெயரை ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆகவே கலர் கரெக்‌ஷன், சம்பளப் பாக்கி, எந்த சாஃப்ட்வேர் நல்லது போன்ற கேள்விகள் எல்லாம் வரிசையில் நிற்கட்டும். இந்தத் தடவை முழுக்க குலெஷோவ்தான்.

கே: ஐயா, நான் விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவன். “சினிமாவில் நடிகருக்கு வேலையே கிடையாது, எல்லாம் எடிட்டிங்தான் என்று குலெஷோவ் நிரூபித்துவிட்டார்” என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
— மாணவர், பாளையங்கோட்டை

எடிட்டர் என்ற முறையில் ‘ஆமாம்’ என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சம்பளம் பேசும்போது உதவும். ஆனால் விஷயம் அப்படி இல்லை, தம்பி.

முதலில் அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். இவான் மோஸ்ஜூகின் என்று ஒருவர். புரட்சிக்கு முந்தைய ரஷ்ய சினிமாவின் பெரிய நட்சத்திரம். 1920இல் ஊரைவிட்டுப் போய் பிரான்ஸில் நடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் நடித்த பழைய பிலிம் சுருள்கள் மட்டும் மாஸ்கோவிலேயே கிடந்தன. அதிலிருந்து பெரிதாக எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குளோசப்பை குலெஷோவ் எடுத்துக்கொண்டார். அந்த முகத்தை அடுத்து ஒரு தட்டு சூப்பைச் சேர்த்தார். மறுபடி அதே முகம், அடுத்து சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண். இன்னொரு முறை அதே முகம், அடுத்து பொம்மைக் கரடி வைத்து விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் சூப்பைப் பார்த்து என்ன யோசனை, பிணத்தைப் பார்த்து என்ன துக்கம், குழந்தையைப் பார்த்து என்ன பரிவு என்று மோஸ்ஜூகினின் நடிப்பை வானளாவப் புகழ்ந்தார்களாம். மூன்றும் ஒரே துண்டு பிலிம்.

இந்தக் கதையை இப்படிச் சுவையாகச் சொன்னவர் குலெஷோவின் மாணவர் புதோவ்கின். 1929இல் லண்டனில் பேசும்போது சொன்னார். மற்றவர்கள் சொல்லும்போது சவப்பெட்டியில் குழந்தை இருக்கும், சிறுமிக்குப் பதில் சோபாவில் சாய்ந்த அழகி இருப்பாள். ஊர்க்கதை மாதிரி ஆளுக்கொரு பாடம்.

குலெஷோவ் தன் புத்தகத்தில் எழுதிய சம்பவம் இதைவிட எனக்குப் பிடிக்கும். ஒரு பேர்பெற்ற நடிகரோடு அவருக்கு வாக்குவாதம். சிறையில் பட்டினி கிடப்பவன் முன்னால் சூப் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவன் முகத்தில் ஒரு மகிழ்ச்சி. விடுதலைக்கு ஏங்கும் கைதியின் முன்னால் கதவு திறக்கிறது, அவன் முகத்திலும் ஒரு மகிழ்ச்சி. இரண்டும் வேறு வேறு மகிழ்ச்சி, வேறு வேறு விதமாகத்தான் நடிக்க வேண்டும் என்கிறார் நடிகர். வெட்டி ஒட்டிவிட்டால் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்கிறார் குலெஷோவ். சரி என்று எடுத்தே பார்த்தார்கள். தெரியவில்லை.

இதிலிருந்து ‘நடிகர் வேண்டாம்’ என்ற முடிவுக்கு எப்படி வருகிறோம்? ஷாட்டின் பொருள் பக்கத்து ஷாட்டிலிருந்து வருகிறது என்பதுதான் அவர் கண்டது. எல்லா நடிப்பையும் இப்படித் திருப்பிவிட முடியாது என்றும் அவரே எழுதினார். வாழ்நாளில் பெரும்பகுதியை அவர் செலவழித்தது கத்தரிக்கோலோடு இல்லை, நடிகர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில். திரைச்சட்டத்தை வலைபோலக் கட்டம் பிரித்து, கை எந்தக் கோட்டில் போக வேண்டும், தலை எந்த அச்சில் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பழக்கியவர். உடற்பயிற்சி, குத்துச்சண்டை, கரணம் அடிப்பது எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. நடிகர் வேண்டாம் என்று நினைப்பவர் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்? அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியதே ஒரு நடிகைதான். அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன், வேறொருவர் கேட்டிருக்கிறார்.

கே: அந்த சூப் சோதனை யூடியூபில் இருக்கிறதே, பார்த்தீர்களா?
— வாசகி, கும்பகோணம்

பார்த்தேன் அம்மா. அது பிற்காலத்தில் யாரோ செய்து பார்த்தது. அசல் தொலைந்துவிட்டது.

1992இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் அதேபோல் எடுத்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் ‘முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொல்லிவிட்டார்கள். பிறகு மூளை ஸ்கேனோடு செய்த சோதனைகளில், பக்கத்துக் காட்சி மாறும்போது அதே முகத்தைப் பற்றிய எடைபோடுதலும் மாறுகிறது என்று வந்தது. என் அனுபவத்தில் இரண்டும் சரிதான். வெறும் முகம், வெறும் தட்டு என்று தனியாகக் காட்டினால் ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள். கதைக்குள் வைத்துக் கொடுத்தால் உஷார் போய்விடும்.

ஹிட்ச்காக் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தானே நடித்துக் காட்டியிருக்கிறார், அதைத் தேடிப் பாருங்கள். அவர் முகம், குழந்தையோடு ஒரு தாய், மறுபடி புன்னகைக்கும் அவர் முகம். நல்ல மனுஷன். தாயை எடுத்துவிட்டு நீச்சல் உடையில் ஒரு பெண்ணை வைக்கிறார். அதே புன்னகை, இப்போது ஜொள்ளுக் கிழவன்.

கே: சீரியலில் மாமியார் முகத்தை இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை, நேராக ஒரு தடவை காட்டுகிறார்களே. இதற்கும் குலெஷோவ்தான் பொறுப்பா?
— இல்லத்தரசி, நாமக்கல்

பாவம், அவரை விட்டுவிடுங்கள். அது எபிசோடுக்கு இத்தனை நிமிடம் என்று இருக்கிறதே, அதற்குப் பொறுப்பானவர்களைக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் விஷயம் இல்லாமல் இல்லை. நான் சீரியல் வெட்டிய நாட்களில் முக்கிய நடிகர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரியாக்‌ஷன் இருப்பு வைத்திருப்போம். ஷூட்டிங்கில் நேரம் மிச்சமானால், வசனம் இல்லாமல் ‘சும்மா பாருங்கம்மா’ என்று சொல்லி எடுத்து வைத்த முகங்கள். கோபத்துக்கும் அதே, சந்தேகத்துக்கும் அதே. மருமகள் காபி கொண்டுவந்தாலும் அந்த முகம், கர்ப்பம் என்று சொன்னாலும் அந்த முகம். வெட்டிப் போடும்போது எனக்கே அந்த அம்மாள் புதிதாக நடித்ததுபோல்தான் தெரியும். அந்த நடிகையிடம் ஒருமுறை “அந்த சீன்ல கண்ணாலயே மிரட்டிட்டீங்க” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எந்த சீன் என்று அவருக்கு நினைவில்லை. நினைவிருக்க வழியும் இல்லை.

கே: சிறு வயதிலேயே கோட்பாடெல்லாம் எழுதிவிட்டாராமே. எப்படி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

1899இல் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே தம்போவ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா இறந்தபின் அம்மா பையனை மாஸ்கோவுக்கு அழைத்து வந்தார். ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1916இல், பதினேழு வயதில், ஹன்ஜோன்கோவ் என்ற படக் கம்பெனியில் செட் வரையும் வேலை. அங்கே யெவ்கேனி பாவெர் என்ற பெரிய டைரக்டரிடம் வேலை பழகினார். அடுத்த ஆண்டே பாவெர் கிரிமியாவில் நிமோனியாவில் இறந்துபோனார். 1918இல் குலெஷோவ் ‘எஞ்சினியர் பிரைட்டின் திட்டம்’ என்று சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட்டார். திரைக்கதை, மின்சார எஞ்சினியரான அண்ணன் போரிஸ்.

எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பையன் செய்த ஒரு காரியம்தான் அவரைத் தனியாக்கியது. தியேட்டருக்குப் போய் திரையைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்தார். அதுவும் நகரத்து நடுவில் இருக்கும் கௌரவமான தியேட்டர் இல்லை. ஓரத்தில் இருக்கும் மலிவு தியேட்டர். அங்கேதான் சிரிப்பு வந்தால் சிரிப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் சத்தம் போடுவார்கள். நம்மூரில் பழைய டைரக்டர்கள் முதல் நாள் தரை டிக்கெட் பக்கம் போய் நின்று பார்ப்பார்களே, அதைத்தான் அவர் ஒரு முறையாகவே செய்தார். ரஷ்யப் படம், ஐரோப்பியப் படம், அமெரிக்கப் படம் மூன்றையும் வைத்துப் பார்த்ததில் ஜனங்கள் துள்ளியது அமெரிக்கப் படத்துக்கு.

ஏன் என்று பார்த்தார். ஷாட்டுகளை எண்ணினார். அமெரிக்கப் படத்தில் ஷாட்டுகள் குட்டையானவை, எண்ணிக்கையில் அதிகம். அவர் தரும் உதாரணம் இது: ஒருவன் மேசை முன் உட்கார்ந்து யோசித்து, இழுப்பறையைத் திறந்து துப்பாக்கி எடுத்துத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். ரஷ்ய டைரக்டர் முழு அறையையும் காட்டி ஒரே ஷாட்டில் எடுப்பார். நாற்காலி, திரைச்சீலை, பூந்தொட்டி எல்லாம் தெரியும், துப்பாக்கி மட்டும் தெரியாது. அமெரிக்கர் முகம், இழுப்பறையில் கை, துப்பாக்கி, விரல் என்று அந்தந்த நேரத்தில் எது முக்கியமோ அதை மட்டும் காட்டுவார்.

இன்று இதைக் கேட்டால் ‘இதென்ன பெரிய கண்டுபிடிப்பு’ என்று தோன்றும். அன்றைக்கு ஷாட்டின் அழகு ஷாட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று ஓவியர்கள் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். குலெஷோவே ஓவியர், செட் போடுகிறவர். அவரே வந்து ‘ஷாட்டில் இல்லையப்பா, ஷாட்டும் ஷாட்டும் சேரும் இடத்தில்’ என்றார்.

கே: நண்பர்களோடு குறும்படம் எடுக்கத் திட்டம். ஸ்கிரிப்ட் தயார், கேமரா வாடகைக்குப் பணம் இல்லை. இடையில் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமா?
— 23 வயது வாசகர், ஓசூர்

இதைவிட மோசமான நிலைமையில் குலெஷோவ் இருந்தார், கேளுங்கள். ரஷ்யாவில் அப்போது கச்சா பிலிம் தயாரிக்கத் தொழிற்சாலையே கிடையாது, எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உள்நாட்டுப் போர், தடை, எல்லாம் சேர்ந்து வரத்து நின்றுவிட்டது. பிலிமும் கருவியும் வாங்கித் தருகிறேன் என்று சிப்ராரியோ என்ற தரகர் 1918இல் புதிய அரசோடு பத்து லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, பழைய குப்பையைத் தலையில் கட்டி ஏமாற்றிய கதையும் உண்டு. 1919 ஆகஸ்டில் சினிமாத் துறையை அரசுடைமை ஆக்கினார்கள். அதே ஆண்டு மாஸ்கோவில் அரசு சினிமாப் பள்ளி ஆரம்பித்தது. உலகத்தின் முதல் சினிமாப் பள்ளி என்பார்கள். பள்ளி இருக்கிறது, பிலிம் இல்லை.

அங்கே பாடம் நடத்தவந்த குலெஷோவுக்கு இருபது, இருபத்தொன்று வயது. மாணவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். புதோவ்கின் ஆறு வயது பெரியவர். வேதியியல் படித்தவர், முதல் உலகப்போரில் ஜெர்மனியில் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். போரிஸ் பார்னெட் குத்துச்சண்டைக்காரர். இவர்களை வைத்துக்கொண்டு ‘பிலிம் இல்லாத படம்’ எடுத்தார்கள். கதையை ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடிப்பார்கள். திரையை இழுத்தும் விளக்கை மாற்றியும் ஷாட்டை மாற்றுவார்கள். குளோசப் என்றால் முகத்தில் மட்டும் வெளிச்சம். ஆடியன்ஸும் உண்டு.

அந்தப் பழக்கம் அவரைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. பேசும்படக் காலத்தில், 1933இல், அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஓ. ஹென்றியைப் பற்றி ‘மகா ஆறுதல்காரர்’ என்ற படம் எடுத்தபோதும் முழுப் படத்தையும் முதலில் ஒத்திகையாக நடித்துப் பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓடவிட்டார். பிலிமும் மிச்சம், நாளும் மிச்சம்.

ஆகவே தம்பி, கேமரா வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மொட்டை மாடியில் படத்தை முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட்வரை நடித்துப் பாருங்கள். ஷாட் பிரிவினையோடு. அந்த ஸ்கிரிப்டில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். வாடகையும் பாதியாகிவிடும்.

கே: ‘படைப்புப் புவியியல்’ என்றால் என்ன? பரீட்சைக்கு வேண்டும், சுருக்கமாக.
— மாணவி, கோவை

வெவ்வேறு இடங்களில் எடுத்த ஷாட்டுகளை ஒட்டி, எங்குமே இல்லாத ஒரு இடத்தைத் திரையில் உண்டாக்குவது. குலெஷோவ் செய்தது: மாஸ்கோவில் ஒரு தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். வெகுதூரம் தள்ளி ஆற்றங்கரையில் ஓர் ஆண் நடக்கிறான். எழுத்தாளர் கோகோலின் சிலைக்குப் பக்கத்தில் சந்திக்கிறார்கள், ஒரு பக்கம் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது வாஷிங்டன் வெள்ளை மாளிகை! அமெரிக்கப் படத்திலிருந்து உருவிய துண்டு. அடுத்த ஷாட்டில் படியேறுகிறார்கள். அந்தப் படி மாஸ்கோவில் இருக்கும் இரட்சகர் கிறிஸ்து தேவாலயத்தின் படி. ஆக, மாஸ்கோக்காரர்கள் இரண்டு பேர் பத்தடி நடந்து வெள்ளை மாளிகைக்குள் போய்விட்டார்கள்.

பரீட்சைக்கு இவ்வளவு போதும். உபரியாக ஒன்று: அந்தத் தேவாலயத்தை 1931இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், 1990களில் திரும்பக் கட்டினார்கள். அதே தொண்ணூறுகளில்தான் தொலைந்துபோனதாக நினைத்த இந்தச் சோதனையின் சில துண்டுகளும் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. வெளியே பொள்ளாச்சி வீடு, கதவைத் திறந்தால் உள்ளே சென்னை செட் என்று நாம் தினமும் செய்கிற வேலைதான். பொள்ளாச்சியில் யாரும் இதற்குப் பேர் வைக்கவில்லை.

கே: குலெஷோவ் தன் மனைவியையே எல்லாப் படத்திலும் கதாநாயகியாகப் போட்டாராமே? அப்படியானால் அவரும் நம்மூர் ஆட்கள் மாதிரிதானே!
— வாசகர், மதுரை

வாங்க. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அலெக்சாந்திரா கோக்லோவா. குலெஷோவின் மாணவி, அவரைவிட இரண்டு வயது மூத்தவர், பிறகு அவருடைய வாழ்க்கைத் துணை. மாஸ்கோவில் திரெத்யாகோவ் ஓவியக் கூடம் இருக்கிறதே, அதை நிறுவிய பாவெல் திரெத்யாகோவின் பேத்தி. தந்தை வழியில் பேர்போன போட்கின் மருத்துவக் குடும்பம். ஜார் மன்னர் குடும்பத்தோடு 1918இல் சுட்டுக்கொல்லப்பட்ட அரண்மனை மருத்துவர் போட்கின் இவருக்குச் சித்தப்பா. புரட்சி நடந்த நாட்டில் இப்படி ஒரு வம்சாவளியோடு சினிமாவுக்கு வருவதற்கே தைரியம் வேண்டும்.

ஆள் எப்படி? எலும்பும் தோலுமாக ஒல்லி. நீண்ட கை கால், பெரிய கண், பல் முழுக்கத் தெரியும் சிரிப்பு. ‘ஹீரோயின்’ என்ற சட்டத்துக்குள் எங்கேயும் உட்காராத உருவம். 1924இல் வந்த ‘போல்ஷெவிக் நாட்டில் மிஸ்டர் வெஸ்டின் அதிசய அனுபவங்கள்’ படத்தில் போலிக் கோமகளாக வந்து சேட்டை செய்வார். அடுத்து 1926இல் ‘சட்டப்படி’.

அந்தப் படத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாக் லண்டன் கதை, திரைக்கதை விக்தோர் ஷ்க்லோவ்ஸ்கி. வட அமெரிக்காவின் யூகானில் தங்கம் தோண்டும் ஐந்து பேர். ஒருவன் இரண்டு பேரைச் சுட்டுவிடுகிறான். மிச்சம் இருக்கும் கணவனும் மனைவியும் அவனைக் கட்டிப்போடுகிறார்கள். குளிர்காலம், பிறகு பனி உருகி வெள்ளம். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அங்கேயே கொன்றுவிடலாம் என்கிறான் கணவன். கூடாது, சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்கிறாள் மனைவி. கடைசியில் சுவரில் விக்டோரியா மகாராணி படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, தாங்களே நீதிபதி, தாங்களே சாட்சி, தாங்களே தூக்குப் போடுகிறவர்கள். நடுவில் அந்தப் பெண்ணின் பிறந்தநாள் வருகிறது. கொலைகாரனும் சேர்ந்து மூன்று பேரும் கொண்டாடுகிறார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று பூனையை அடைத்த மாதிரி ஒரு குடிசை, மூன்று பேர். யூகான் என்று நாம் நம்புவது மாஸ்கோ ஆற்றங்கரை. அந்தக் காலத்து ரஷ்யப் படங்களிலேயே மிகக் குறைந்த செலவில் எடுத்தது என்று பேர்.

ஒரு எடிட்டராகச் சொல்கிறேன்: இந்தப் படத்தில் மோஸ்ஜூகின் வித்தை செல்லாது. கோக்லோவா முகத்தில் ஒரு ஷாட்டை எடுத்து வேறு இடத்தில் ஒட்ட முடியாது. ஒட்டினால் படம் துப்பிவிடும். சட்டம் சட்டம் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் பித்துப்பிடிக்கும் எல்லைவரை போவதை உடம்பு முழுக்க நடித்திருக்கிறார். ஷாட்டுகள் ஒன்றுக்கொன்று பொருள் கொடுக்கின்றன, சரி. ஆனால் கொடுப்பதற்கு ஒவ்வொரு ஷாட்டிலும் சரக்கு இருக்கிறது.

ஸ்டூடியோ நிர்வாகத்துக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. ‘இந்த அம்மா அழகில்லை, ஜனங்கள் பார்க்கமாட்டார்கள், வேறு ஆளைப் போடு’ என்றார்கள். அந்தக் காலத்து இன்னொரு பெரிய ரஷ்ய டைரக்டரான ஐசன்ஸ்டீன் 1926இல் கோக்லோவாவுக்காகத் தனியாக ஒரு கட்டுரையே எழுதி, சினிமாவில் பெண் என்றால் பொம்மை மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களை வறுத்தெடுத்தார். பலன் இல்லை. 1927இல் அவரைப் பத்திரிகையாளராக வைத்து ‘உங்களுக்குத் தெரிந்த பெண்’ என்ற படத்தை எடுத்தார் குலெஷோவ். இன்று அதில் ஒரு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். 1929இல் ‘குதூகலக் கனரி’ எடுக்கும்போது கதாநாயகி வேறு ஆள்.

குலெஷோவ் விட்டுக்கொடுத்திருந்தால், வருஷத்துக்கு ஒரு படம் என்று வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். ‘அவருக்கு வேடம் இல்லையென்றால் எனக்கும் படம் வேண்டாம்’ என்று முரண்டு பிடித்ததில் பல வாய்ப்புகள் போயின. கோக்லோவாவும் சும்மா இருக்கவில்லை, 1930இல் ‘சாஷா’ என்ற படத்தைத் தானே டைரக்ட் செய்தார். 1933இல் ‘மகா ஆறுதல்காரர்’ படத்தில் மறுபடி குலெஷோவ் படத்தில் முக்கிய வேடம். கிசுகிசு கேட்கும் மதுரை வாசகருக்கு ஒரு போனஸ்: அந்தப் படத்தின் கதாநாயகன் கான்ஸ்தாந்தின் கோக்லோவ். பேரைப் பாருங்கள். கோக்லோவாவின் முதல் கணவர்! மூன்று பேரும் ஒரே செட்டில் வேலை பார்த்து நல்ல படமாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, ‘நம்மூர் ஆட்கள் மாதிரி’ என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம்மூரில் வீட்டு ஆளைப் போட்டால் தயாரிப்பாளர் சந்தோஷப்படுவார். இவர் போட்டு வேலையை இழந்தார். எந்த முகமும் ஒன்றுதான் என்று சொன்னதாக உலகமே மேற்கோள் காட்டும் மனிதர், ஒரே ஒரு முகத்துக்காகத் தன் தொழிலைப் பணயம் வைத்தார். பாளையங்கோட்டைத் தம்பி இதை வகுப்பில் போய்ச் சொல்லலாம்.

கே: 1943க்குப் பிறகு அவர் படமே எடுக்கவில்லை என்று படித்தேன். ஸ்டாலின் தண்டித்தாரா?
— வங்கி ஊழியர், புதுச்சேரி

சிறை, நாடுகடத்தல் எதுவும் இல்லை. ‘உருவவாதி’, அதாவது கருத்தைவிட வடிவத்தையே பெரிதாக நினைப்பவன், என்ற முத்திரை விழுந்தது, அது போதுமே. 1935 ஜனவரியில் மாஸ்கோவில் சினிமாக்காரர்கள் மாநாடு நடந்தது. ஐசன்ஸ்டீனையும் இவரையும் போட்டுத் தாளித்தார்கள். படிப்பு அதிகமானால் ஆள் வெடித்துவிடுவான் என்று ஐசன்ஸ்டீனை ஒருவர் கிண்டல் செய்ய, குலெஷோவ் எழுந்து, ஆட்கள் வெடிப்பது படிப்பினால் இல்லை, பொறாமையினால் என்ற பொருளில் பதில் கொடுத்தார். தன் தலைக்கே கத்தி தொங்கும்போது மற்றவருக்காகப் பேசியது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதன்பின் வந்தவை பெரும்பாலும் சிறுவர் படங்கள். தாஜிகிஸ்தானில் ஆரம்பித்த ‘தொஹுந்தா’ பாதியில் நின்றது. ‘தீமூரின் சபதம்’ (1942) போர்க்காலத்தில் மாஸ்கோவைவிட்டு வெகுதூரம் தள்ளி எடுத்தது. ‘நாங்கள் உரால்காரர்கள்’ கடைசிப் படம். 1944இல் தான் பாடம் நடத்திய அதே சினிமாப் பள்ளிக்குத் தலைவரானார். அதற்குள் 1941இல் ‘திரைப்பட இயக்கத்தின் அடிப்படைகள்’ என்ற பாடநூலை எழுதி முடித்திருந்தார். பல மொழிகளுக்குப் போன புத்தகம். 1970 மார்ச்சில் இறக்கும்வரை ஆசிரியர்.

வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது அறுபதுகளில்தான். 1966 வெனிஸ் விழாவில் அவர் ஜூரி உறுப்பினர். அந்த ஆண்டு விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது ‘அல்ஜியர்ஸ் போர்’. செய்திப்படம் போலவே எடுத்த கதைப்படம் அது. உள்நாட்டுப் போரில் கேமராவோடு போர்முனைக்குப் போய்ச் செய்திப்படம் எடுத்த பழைய ஆள் ஜூரியில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்.

கே: எதை முதலில் பார்க்க?
— வாசகி, தூத்துக்குடி

‘சட்டப்படி’. பிடித்திருந்தால் ‘மிஸ்டர் வெஸ்ட்’, அதில் மாஸ்கோ பனியில் கயிறு வீசும் அமெரிக்க கௌபாயாக வரும் குத்துச்சண்டைக்காரர் பார்னெட்டைத் தவறவிடாதீர்கள். திருட்டுக் கும்பலின் தலைவனாக வருபவர் புதோவ்கின். ‘மரணக் கதிர்’ (1925) கதை புரியாது, சண்டைகளுக்காகப் பார்க்கலாம்.

கே: ஐசன்ஸ்டீன் பெரியவரா, குலெஷோவ் பெரியவரா?
— பல வாசகர்கள்

படம் என்று கேட்டால் ஐசன்ஸ்டீன். அதில் சந்தேகம் வேண்டாம். ஐசன்ஸ்டீன் சில மாதங்கள் குலெஷோவிடம் பாடம் கேட்டவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி இந்தக் கேள்விக்கு 1929இலேயே பதில் வந்துவிட்டது. அந்த ஆண்டு குலெஷோவின் ‘சினிமாக் கலை’ புத்தகம் வெளிவந்தது. முன்னுரையில் அவருடைய மாணவர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு, “நாங்கள் படம் எடுக்கிறோம், குலெஷோவ் சினிமாவையே உண்டாக்கினார்” என்று எழுதினார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி. கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். புதோவ்கின், ஒபொலென்ஸ்கி, கொமாரோவ், ஃபோகெல். ‘சட்டப்படி’ படத்தில் கணவனாக நடித்தவர் கொமாரோவ், கொலைகாரனாக நடித்தவர் ஃபோகெல். வெள்ளை மாளிகைச் சோதனையில் ஆற்றங்கரையில் நடந்து வந்த ஆண் ஒபொலென்ஸ்கி, பெண் கோக்லோவா. நான்கு பேரும் அவருடைய கேமரா முன்னால் நடித்தவர்கள்.